சாஃப்ட்வேரை மாற்றும் முன் பிட்ரேட்டைப் பாருங்கள்

"வீடியோவில் கிளாரிட்டி இல்லை, பிரீமியர் புரோவுக்கு மாறிவிடட்டுமா?" எடிட்டிங் பழகுகிறவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்வி இது. தாராளமாக மாறுங்கள். ஆனால் கிளாரிட்டிக்காக மட்டும் மாறாதீர்கள்.

ஒரே கிளிப்பை கேப்கட் என்ற தொடக்கநிலை ஆப்பிலும் பிரீமியரிலும் போட்டு, வெட்டி ஒட்டும் வேலையை மட்டும் செய்யுங்கள். இரண்டிலும் ஒரே ரெசல்யூஷன், ஒரே ஹெச்.264 (வீடியோவைச் சுருக்கும் முறை), ஒரே பிட்ரேட்டில் (ஒரு நொடி வீடியோவுக்குச் செலவாகும் டேட்டா அளவு) எக்ஸ்போர்ட் செய்து பாருங்கள். எது எதில் செய்தது என்று கண்ணால் பார்த்துச் சொல்வது கஷ்டம்.

படம் கெடுவது பெரும்பாலும் பிட்ரேட்டில்தான். 1080பி, 30 ஃபிரேம் வீடியோவுக்கு யூடியூப் பரிந்துரைப்பது 8 எம்பிபிஎஸ், அதாவது நொடிக்கு 8 மெகாபிட். அதை 2 எம்பிபிஎஸ்ஸுக்கு இறக்கினாலும், ஒருவர் அசையாமல் நின்று பேசும் காட்சியில் பெரிதாக ஒன்றும் தெரியாது. அவருக்குப் பின்னால் காற்றில் மரம் ஆடட்டும், அப்போது தெரியும். இலைகள் எல்லாம் குழைந்து கட்டம் கட்டமாக நிற்கும். தொடக்கநிலை ஆப்கள் பலவற்றில் எனக்குள்ள கோபமே இதுதான்: இந்த எண்ணைக் காட்டாமல் 'ஹை', 'மீடியம்' என்று எழுதி வைத்துவிடுகிறார்கள். பழகுகிறவருக்கு எங்கே தப்பு என்று எப்படித் தெரியும்?

வாட்ஸ்அப்பில் சாதாரணமாக வந்த வீடியோவை எடுத்து எடிட் செய்வதும் அப்படித்தான். அது ஏற்கெனவே சுருக்கப்பட்டது. போன விவரம் எந்த சாஃப்ட்வேரிலும் திரும்பி வராது.

சரி, பெரிய சாஃப்ட்வேருக்கு எங்கே மதிப்பு? கலரில். 8 பிட் வீடியோவில் சிவப்பு, பச்சை, நீலம் ஒவ்வொன்றுக்கும் 256 படிகள்தான், 10 பிட்டில் 1024. சாயங்கால வானத்தை 8 பிட்டில் எடுத்துவிட்டு கான்ட்ராஸ்டை ஏற்றினால், மென்மையாக மாற வேண்டிய ஆரஞ்சு பட்டை பட்டையாகப் பிரிந்துவிடும். 10 பிட்டில் எடுத்து, டாவின்சி ரிசால்வ் மாதிரி 32 பிட் ஃப்ளோட்டில் (மிக நுணுக்கமான தசமக் கணக்கில்) கணக்குப் போடும் சாஃப்ட்வேரில் கலர் செய்தால் அதே வானம் நிறையவே தாங்கும். ஒரு நோடில் (கலர் வேலையின் ஒரு கட்டத்தில்) பிரைட்னஸை ஏற்றி வெளுத்துப்போன மேகத்தை அடுத்த நோடில் இறக்கினால் விவரம் அப்படியே திரும்பி வரும். இந்த வேலைக்குத் தொடக்கநிலை ஆப்களை நான் நம்ப மாட்டேன். அதற்கும் உடனே காசு கொடுக்க வேண்டாம், ரிசால்வின் இலவசப் பதிப்பே அல்ட்ரா ஹெச்டி வரை எக்ஸ்போர்ட் செய்யும்.

அப்புறம், மீடியாஇன்ஃபோ என்று ஓர் இலவசக் கருவி இருக்கிறது. ஃபைலை அதில் போட்டால் பிட்ரேட், கோடெக் (ஹெச்.264 மாதிரி சுருக்கும் முறை), பிட் டெப்த் (8 பிட்டா, 10 பிட்டா) எல்லாம் காட்டும். கிளாரிட்டி இல்லை என்று எனக்கு அனுப்புகிறவர்கள் அந்த ஸ்கிரீன்ஷாட்டையும் சேர்த்து அனுப்புங்கள். பார்த்துவிட்டு எந்த சாஃப்ட்வேர் என்று பேசுவோம்.