ஸ்பீக்கர் இல்லாத ஆம்ப்

ஞாயித்துக்கிழமை சத்துவாச்சாரியில என்ன நடந்ததுன்னு இங்க பாதிப் பேருக்குத் தெரியும். மீதிப் பேர் அந்தக் கருகின டிரான்ஸ்ஃபார்மர் போட்டோவைப் பாத்திருப்பீங்க. தெரியாதவங்களுக்கு ஒரே வரி: நாங்க வாங்கிக் குடுத்த வால்வு ஆம்ப் (கண்ணாடிக் குழாய் போட்ட பழைய ரக ஆம்ப்ளிஃபயர்) ஓடிக்கிட்டு இருக்கும்போதே, வேலூர் சத்துவாச்சாரிக்காரர் ஒருத்தர் ஸ்விட்ச் பெட்டியைத் தட்டி ஸ்பீக்கரை வேற ஆம்ப்புக்கு மாத்தினாரு, டிரான்ஸ்ஃபார்மர் கருகிடுச்சு. அதுக்கு மேல கதை வேண்டாம். "பழைய இரும்பைத் தலையில கட்டறவங்க பேச்சைக் கேட்டா இப்படித்தான்"னு போட்டோவுக்குக் கீழ எழுதினீங்களே, அதுக்கு மட்டும் பதில்.

வால்வு ஆம்ப்பை லோடு, அதாவது ஸ்பீக்கர் மாதிரி ஒரு சுமை, இல்லாம ஓட்டக்கூடாது. வாங்கறதுக்கு முன்னாடி இதைத்தான் சொன்னோம், வாங்கின அன்னைக்கும் இதைத்தான் சொன்னோம். நம்ம ஊரைப் பத்தி ஒரு பழைய கிண்டல் இருக்கே, தண்ணி இல்லாத ஆறு, ராஜா இல்லாத கோட்டை, மரம் இல்லாத மலைன்னு. அதெல்லாம் இல்லாமலே ஊர் ஓடுது. ஸ்பீக்கர் இல்லாம வால்வு ஆம்ப் ஓடாது.

ஏன்னு கேக்கறவங்களுக்கு. இஎல்34ங்கற பவர் வால்வு ரெண்டு மாறி மாறி வேலை செய்யற புஷ்புல் ஆம்ப்ல, பிளேட்டுக்கு (வால்வுல கரண்ட் வந்து சேர்ற முனை) போறது சுமார் 400 வோல்ட். 8 ஓம் ஸ்பீக்கரை அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர்தான் வால்வுக்கு ஆறாயிரம் ஓம் மாதிரி காட்டிக்கிட்டு இருக்கு. பாட்டு ஓடும்போது ஸ்பீக்கரைக் கழட்டினா அந்தச் சுமை போயிடும். வால்வு கரண்ட்டை வெட்டற ஒவ்வொரு தடவையும் டிரான்ஸ்ஃபார்மர் கோர்ல தேங்கின சக்திக்குப் போக்கிடம் இல்லாம, வோல்டேஜ் ஆயிரத்தைத் தாண்டி எகிறும். இன்சுலேஷன் எங்க இளைச்சிருக்கோ அங்க பொறி பாயும். வைண்டிங்குக்குள்ள பாயலாம், சாக்கெட் பின்னுக்கு நடுவுலயும் பாயலாம். டிரான்சிஸ்டர் ஆம்ப்புக்கு ஒயர் ஒட்டினா ஆபத்து, வால்வு ஆம்ப்புக்கு ஒயர் விட்டா ஆபத்து. அவ்வளவுதான் வித்தியாசம்.

இப்ப அந்த ஸ்விட்ச் பாக்ஸுக்கு வருவோம். வீட்டுல ஏற்கெனவே இருக்கற செட்டோட வால்வு ஆம்ப்பும் வேணும், ஸ்பீக்கர் ஒரே ஜோடி. ஆசை நியாயம்தான். ஆனா ரெண்டு ஆம்ப்புக்கு நடுவுல ஸ்பீக்கரை மாத்தற மலிவான ஏ/பி பெட்டியில பட்டனைத் தட்டினா ஸ்பீக்கர் அந்தப் பக்கம் போயிடும், வால்வு ஆம்ப் இந்தப் பக்கம் அநாதையா நிக்கும். இதைத் தவிர்க்க வழி இருக்கு. ஒவ்வொரு சேனலுக்கும் பிளஸ், மைனஸ் ரெண்டையும் மாத்தற ஸ்விட்ச் வேணும். கூடவே, ஸ்பீக்கர் விலகினதும் வால்வு ஆம்ப் பக்கம் 8 ஓம், 50 வாட் ரெசிஸ்டர் வந்து உக்கார, ஸ்விட்ச்சுக்குள்ள தனியா மாறற இன்னொரு தொடுப்பு (போல்) வேணும். தங்க நிறத்துல அலுமினிய உடம்போட வருமே, அது. ஹீட்சிங்க்ல முடுக்கணும், வெறுமனே தொங்கவிட்டா கை வைக்க முடியாது. ஸ்விட்ச் ஒண்ணை விட்டுட்டு அடுத்ததைத் தொடற ரகமா இருக்கணும். அடுத்ததைத் தொட்டுட்டு அப்புறம் விடற ரகமா இருந்தா ரெண்டு ஆம்ப்போட அவுட்புட்டும் ஒரு கணம் ஒண்ணாச் சேரும், செலவு ரெட்டிப்பு. விட்டுத் தொடற அந்த இடைவெளிக்குக் காவலா 220 ஓம், 10 வாட் ரெசிஸ்டர் ஒண்ணை வால்வு ஆம்ப் டெர்மினல்லயே நிரந்தரமாப் போடுங்க. நூத்துக்கு நாலு பங்கு பவர்கூட அது திங்காது. ஆனா அது காவலுக்குத்தான், அதை நம்பி ஸ்பீக்கரைக் கழட்டாதீங்க. மாத்தும்போது வால்யூம் பூஜ்யத்துல இருக்கட்டும்.

மைனஸையும் ஏன் மாத்தணும்? இப்ப வர்ற சின்ன கிளாஸ் டி ஆம்ப் போர்டுல, டிபிஏ3116 சிப் போட்டது மாதிரி, ஸ்பீக்கர் மைனஸ் முனை கிரவுண்ட் கிடையாது. அதுலயும் சிக்னல் இருக்கு. பெட்டிக்குள்ள ரெண்டு மைனஸையும் ஒண்ணாக் கட்டி வெச்சிருந்தா அந்த போர்டும் போயிடும். இந்தத் தலைவலியே வேண்டாம்னா பிளேயருக்கும் பழைய ஆம்ப்புக்கும் நடுவுல இசிசி82ங்கற சின்ன வால்வு போட்ட ப்ரீஆம்ப் (சிக்னலை மட்டும் கையாள்ற முன்கட்ட ஆம்ப்) வைங்க. ஸ்பீக்கர் ஒயரைத் தொட வேண்டியதே இல்ல. இதையும் அப்பவே சொன்னோம். "அது நிஜ வால்வு சவுண்டு இல்ல"ன்னு பதில் வந்தது. சரிங்க சார், நீங்க சொன்னா சரிதான்.

காட்பாடிப் பக்கம் சவுண்ட் சர்வீஸ் வெச்சிருந்த பெரியவர் ஒருத்தர் வேலைக்கு வர்ற பசங்ககிட்ட ஒண்ணே ஒண்ணுதான் சொல்லுவாராம்: "மொதல்ல கூம்பு ஒயரு, அப்புறம்தான்டா கரண்ட்டு." கூம்புன்னா ஸ்பீக்கர். ஓம் விதியெல்லாம் அவர் படிச்சதில்ல. பி.இ. முடிச்சவருக்கு அது பழைய இரும்பு.

"ஒரு பட்டனைத் தட்டினதுக்கே போற சாமானை எதுக்கு விக்கறீங்க?"ன்னு கேப்பீங்க. மிக்ஸியில தண்ணி ஊத்தாம மாவரைச்சா மோட்டார் புகையுதே, அப்ப மிக்ஸி கம்பெனி மேல கோவம் வருதா? "எங்க வீட்டு ஆம்ப் லோடு இல்லாமலே ரெண்டு மணி நேரம் ஆன்ல இருந்துச்சு, ஒண்ணும் ஆகல"ன்னும் ஒருத்தர் எழுதியிருக்கார். இருக்கலாம். சிக்னல் இல்லாம சும்மா இருந்தா பெரும்பாலும் தாங்கும். ஃபீட்பேக் (அவுட்புட்ல கொஞ்சத்தை உள்ளயே திருப்பி விடறது) உள்ள சில ஆம்ப் அப்பவும் தானா ஊளையிட ஆரம்பிக்கும், அது வேற. வால்வுல டிஸ்டார்ஷன் அதிகம்னு சொல்றவங்களுக்கு: ஆமா, அதிகம்தான். மேல பேசுவோமா? விலை பத்திக் கேக்கறவங்க யூடியூப்லயே பாட்டு கேளுங்க, செலவே இல்ல.

இன்னொண்ணு. அவர் வீட்டு ஸ்பீக்கரோட சென்சிட்டிவிட்டி, அதாவது குடுக்கற பவருக்கு எவ்வளவு சத்தம் வரும்ங்கறது, 84 டெசிபல். அவர் முதல்ல வாங்கினது ஒத்தை இஎல்84 வால்வு ஆம்ப், அது ஒரு சேனலுக்கு 5 வாட் தரும். 90 டெசிபல் ஸ்பீக்கர் 5 வாட்ல குடுக்கற சத்தத்துக்கு 84க்கு 20 வாட் வேணும். "சத்தமே வரல"ன்னு முதல் வாரம் வந்த புகாருக்குக் காரணம் அதுதான். அதுக்கும் பழி நம்ம தலையிலதான் விழுந்தது. அதுக்கப்புறம்தான் இஎல்34 வந்தது, பெட்டியும் வந்தது.

மின்சாரத்தையும் பாருங்க. 220 வோல்ட்டுக்குச் சுத்தின பழைய டிரான்ஸ்ஃபார்மர்ல ராத்திரி 245 வந்தா வால்வைச் சூடாக்கற ஹீட்டருக்கு 6.3 வோல்ட் வர வேண்டியது 7ஐத் தொடும். பத்து சதவீதத்துக்கு மேல போனா வால்வோட ஆயுசு குறையும். மே மாசத்து வேலூர்ல ஆம்ப்பை மூடின டிவி ஸ்டாண்டுக்குள்ள வெச்சிருந்தாரு. போட்டோவுல நீங்களே பாருங்க. எங்க கையில பணம் எவ்வளவு நின்னதுன்னு யாராவது கேட்டீங்களா? ஒரு ரூபா இல்ல. சென்னை ரிச்சி தெரு எலக்ட்ரானிக்ஸ் கடைகளுக்குப் போய் சாமான் தேடினது, பஸ் செலவு, எல்லாம் சும்மா. பேரு மட்டும் இரும்பு வியாபாரி.

சரி விடுங்க. அந்த டிரான்ஸ்ஃபார்மரைக் குப்பையில போட்டுடாதீங்க. பிளக்கைப் பிடுங்கிட்டு, பிடுங்கின பிறகும் வோல்டேஜைத் தேக்கி வெச்சிருக்கற ஃபில்டர் கபாசிட்டரை 5 வாட் ரெசிஸ்டர் ஒண்ணு, நாலஞ்சு கிலோ ஓம், அது வழியா இறக்குங்க. மீட்டர்ல பூஜ்யம் வந்ததும் வால்வு ரெண்டையும் எடுத்துட்டு, டிரான்ஸ்ஃபார்மரோட நடு முனையிலிருந்து ஒவ்வொரு பிளேட்டுக்கும் ஓம்ஸ் பாருங்க. ஒரு பக்கம் ஓப்பன்னு காட்டினா ரீவைண்டிங்தான் வழி. ரெண்டும் கிட்டத்தட்ட ஒண்ணா இருந்தா, வைண்டிங் பிழைச்சிருக்க வாய்ப்பு இருக்கு. உள்சுத்து ஷார்ட் ஆகியிருந்தா மட்டும் மீட்டர் காட்டாது. சாக்கெட்ல கரி பிடிச்சிருந்தா சுரண்டிப் பாக்காதீங்க, பீங்கான் சாக்கெட் புதுசாப் போடுங்க. ரீடிங்கை உள்பெட்டிக்கு அனுப்புங்க, பாத்துச் சொல்றோம். கமெண்ட்ல வேண்டாம்.