ஏர்கோன் டக்டுக்குப் பஞ்சு தண்டச் செலவா? உண்மை விளக்கம்

சுங்கை சிப்புட் வட்டாரப் புலனக் குழுக்களில் ஏர்கோன் டக்டு, அதாவது குளிர்காற்றைக் கொண்டுபோகும் தகரக் குழாய், அதன்மேல் வெப்பம் ஏறாமல் சுற்றும் கண்ணாடி இழைப் பஞ்சு பற்றி ஒரு குரல்பதிவு சுற்றுகிறது: "டக்டுக்குப் பஞ்சு சுற்றுவது குளிர்நாட்டு வழக்கம், நமக்குத் தண்டச் செலவு. கண்ணாடிப் பஞ்சு செய்வதே சூழலுக்குக் கேடு." தோட்ட மண்டபத்தைப் புதுப்பிக்கிறவர்கள் இதை நம்பினால் வம்புதான்.

டக்டுக்குள் ஓடும் காற்று சுமார் 13 டிகிரி. நம் ஊர் ஈரக்காற்றோ 24 டிகிரிக்குக் கீழே இருக்கும் எதைத் தொட்டாலும் நீர்விடும். வெறும் தகரக் குழாய் வியர்த்துச் சொட்டும். சீலிங் பலகையில் பழுப்பு வட்டம், அப்புறம் பூஞ்சணம்.

செலவுக் கணக்கை வாங்கும் விலையோடு நிறுத்தக் கூடாது. பல வருட மின்கட்டணம், பராமரிப்பு, கடைசியில் கழற்றி வீசும் செலவு எல்லாம் சேரவேண்டும். முதல் 25 மில்லிமீட்டர் பஞ்சே உள்ளே ஏறும் வெப்பத்தில் சுமார் 80 சதவீதத்தைத் தடுத்துவிடும். தடிமனை இரட்டிப்பாக்கினால் கூடுதலாகக் கிடைப்பது 10 சதவீதம்கூட இல்லை. ஆகவே, 'தடிமன் கூடக்கூட நல்லது' என்னும் விற்பனைப் பேச்சும் சரியில்லை.

சூழல் கேடு? கண்ணாடியை உருக்க எரிபொருள் செலவாவது உண்மைதான். ஆனால் தீபகற்ப மலேசியாவின் மின்சாரம் பெரும்பாலும் நிலக்கரியிலும் எரிவாயுவிலும் வருகிறது. வீணாகும் குளிரை ஈடுகட்ட ஏர்கோன் ஆண்டுக்கணக்கில் இழுக்கும் மின்சாரத்தின் புகை அதைவிட மிக அதிகம். பஞ்சின் மேலே ஒட்டிய அலுமினியத் தாள் மூட்டில் கிழிந்திருந்தால் ஈரம் இறங்கிப் பஞ்சு வீணாகும். குத்தகைக்காரர் ஏணியை மடக்குமுன் அதைப் பார்த்துவிடுங்கள்.