வீட்டுக்கு வரும் மாத்திரை காலாவதியானதா?

‘மக்களைத் தேடி மருத்துவத்தில் தேதி முடிந்த மாத்திரை தருகிறார்கள், வாங்காதீங்க’ என்று திருத்துறைப்பூண்டி பக்கம் வாட்ஸ்அப்பில் ஒரு குரல்பதிவு சுற்றுகிறது. தவறு.

2021 ஆகஸ்டில் தொடங்கிய இந்தத் திட்டத்தில் சுகர், பிரஷருக்கு வீடு தேடி வருவது ஆரம்ப சுகாதார நிலையத்தில் கொடுக்கிற அதே மாத்திரைதான். தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் வாங்கி, ஆய்வகத்தில் சோதித்த பிறகே அனுப்புகிறது. சந்தேகமா, அட்டையைத் திருப்பிப் பாருங்கள், காலாவதி மாதமும் வருடமும் அச்சிட்டிருக்கும்.

எங்கள் தெருவில் நடவுக்குப் போகிற ஒரு அத்தை இதைக் கேட்டுவிட்டு பத்து நாள் மாத்திரையை நிறுத்தியிருக்கிறார், தன்னார்வலர் அக்கா திண்ணையிலேயே உட்கார்ந்து பிரஷர் பார்த்தபோது 180 காட்டியது, அப்புறம்தான் பயந்து மறுபடி ஆரம்பித்தார். தலை சுற்றவில்லை என்பதால் பிரஷர் இல்லை என்று ஆகிவிடாது, அது சத்தமில்லாமல் ஏறும். மாத்திரை ஒத்துக்கொள்ளவில்லையா, நீங்களாக நிறுத்தாமல் டாக்டரிடம் சொல்லுங்கள்.