ப-வுக்கு நடுவில் யார் நிற்பது?

ஒரு தம்பி ஒரு பள்ளிக்குப் போய் எடுத்த அந்த வீடியோவை இதுவரை பதினான்கு பேர் எனக்கு அனுப்பியாயிற்று. இனி யாரும் அனுப்ப வேண்டாம். பார்த்துவிட்டேன், இரண்டு முறை. "டீச்சர், உங்க கருத்து என்ன?" என்று கேட்டு, பக்கத்திலேயே கண்ணில் நீர் வரச் சிரிக்கும் பொம்மையையும் வைத்து அனுப்புகிறீர்கள். கருத்துதானே, சொல்கிறேன். கொஞ்சம் நீளமாகத்தான் வரும். அவசரத்தில் இருப்பவர்கள் இப்போதே ஒரு லைக்கைப் போட்டுவிட்டு நகரலாம், கோபித்துக்கொள்ள மாட்டேன்.

முதலில் ஒன்று. அது என் பள்ளி இல்லை. அந்தப் பிள்ளை என் வகுப்புப் பிள்ளையும் இல்லை. அக்கறையாக விசாரிப்பதுபோல் விசாரித்தவர்களுக்காகச் சொல்கிறேன்.

அந்தத் தம்பி கெட்டவர் இல்லை. லட்சக்கணக்கில் பின்தொடர்கிறார்கள், நன்றாகப் பேசுகிறார், அந்தப் பள்ளிக்கு வண்ணப் பென்சில்கூட வாங்கிக்கொண்டு போயிருக்கிறார். மூன்றாவது படிக்கும் ஒரு பிள்ளையை எழுப்பி, புத்தகத்தைக் கையில் கொடுத்து வாசிக்கச் சொல்கிறார். கேமரா அவள் முகத்துக்கு அருகில் போகிறது. 'கொடி' என்ற இடம் வந்ததும் அவள் விரலை வைத்து நிறுத்தி, "கெ... ர... டி" என்கிறாள். தம்பி கேமரா பக்கம் திரும்பி ஒரு பார்வை பார்க்கிறார். அந்தப் பார்வைக்குப் பின்னணி இசை வேறு. அப்புறம் கல்வியை மாற்ற ஐந்து யோசனைகள்: பெஞ்சை ப வடிவில் போட வேண்டும், பாடத்தைக் கதையாகச் சொல்ல வேண்டும், வீட்டுப்பாடம் கூடாது, தேர்வு கூடாது, பின்லாந்தைப் பார்க்க வேண்டும்.

ஐந்துமே நல்ல யோசனைகள். ஐந்தில் ஒன்றுகூட அந்தப் பிள்ளைக்குக் 'கொடி'யை வாசிக்கக் கற்றுத்தராது.

ஏனென்றால் அவள் கண்ணில் பட்டதைத்தான் வாசித்தாள். அச்சில் இருக்கும் 'கொ'வைக் கொஞ்ச நேரம் தமிழ் தெரியாதவர் மாதிரி பாருங்கள். முன்னால் ஒற்றைக்கொம்பு, நடுவில் க, பின்னால் துணைக்கால். கொம்பையும் க-வையும் சேர்த்தால் கெ. துணைக்கால் பார்ப்பதற்கு ர மாதிரியேதான் இருக்கும். ஆக கெ, ர, டி. அவள் கணக்கில் மூன்றும் சரி. அதாவது இந்தப் பிள்ளைக்கு எழுத்து தெரிகிறது, கொம்பு தெரிகிறது, எழுத்துக்கூட்டவும் தெரிகிறது. முன்னால் கொம்பும் பின்னால் காலும் வந்தால் இரண்டையும் சேர்த்து ஒரே ஒலியாக எடுக்க வேண்டும், அது ஒன்றுதான் இன்னும் பிடிபடவில்லை. ஒன்றாம் வகுப்பு, இரண்டாம் வகுப்பு எடுத்தவர்கள் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள், இந்தக் 'கெரடி' எங்களுக்குப் பழைய ஆள். 'கெரக்கு', 'தெரப்பி' எல்லாம் அதே குடும்பம்.

இதற்கு வைத்தியமும் உண்டு. பக்கத்தில் உட்கார்ந்து, சிலேட்டில் கெ எழுதி, தனியாகக் கா எழுதி, இரண்டையும் ஒட்டிக் கொ ஆக்கிக் காட்டி, அவளையே எழுத வைத்து, வாயால் சொல்ல வைத்து, ஒரு நாளைக்குப் பதினைந்து நிமிடம். ஒரு வாரம், மிஞ்சிப் போனால் பத்து நாள். பிடித்துக்கொள்வாள். எத்தனையோ பிள்ளைகள் பிடித்துக்கொண்டதைப் பார்த்திருக்கிறேன். ஆனால் பக்கத்தில் உட்கார ஓர் ஆள் வேண்டும். இந்தப் பதிவு முழுக்க நான் சொல்லப்போவது இந்த ஒன்றைத்தான், வேறு வேறு வார்த்தையில்.

சரி, ப வடிவத்துக்கு வருவோம். 2025 ஜூலையில், வகுப்பில் பெஞ்சை ப வடிவில் போடச் சொல்லிப் பள்ளிக் கல்வித் துறையின் சுற்றறிக்கை வந்ததும், ஒரு மலையாளப் படத்தைப் பார்த்துப் பிறந்த யோசனை அது என்று பேசப்பட்டதும், கழுத்து வலிக்கும், கண் கெடும் என்று ஆளாளுக்குச் சொல்ல, பிறகு அது நிறுத்திவைக்கப்பட்டதும் நினைவிருக்கும். எனக்கு ப பிடிக்கும், அப்போதே சொன்னேன். கடைசி பெஞ்ச் என்ற ஒன்றே இல்லாமல் போனால் நல்லதுதானே? எங்கள் பள்ளியில் 37 பிள்ளைகள். ப போட்டால் அழகாக அமையும். பெஞ்ச் இருந்தால். எங்களிடம் இருப்பது பாய்.

என் கேள்வி வேறு. அந்த ப-வுக்கு நடுவில் யார் நிற்பது?

கல்வி உரிமைச் சட்டப்படி 60 பிள்ளைகள் வரை இரண்டு ஆசிரியர். வகுப்பு ஐந்து. தமிழ், ஆங்கிலம், கணக்கு, சூழ்நிலையியல், அறிவியல், சமூக அறிவியல் என்று வகுப்புவாரியாகக் கூட்டினால் புத்தகம் 20-ஐத் தாண்டும். அந்த இரண்டு பேரில் ஒருவர் தலைமை ஆசிரியர். அவர் வட்டாரக் கல்வி அலுவலகத்துக்குப் போனால், வட்டார வள மையத்தில் பயிற்சி என்றால், வாக்காளர் பட்டியல் திருத்தம் என்றால், மிச்சம் நான். ஐந்து வகுப்புக்கும் நான். இரண்டாவது பிள்ளைகளுக்கு மனக்கணக்கு கொடுத்துவிட்டு நான்காவது பக்கம் திரும்பினால் ஒன்றாவதில் ஒருவன் அடுத்தவன் காதில் பென்சிலை விட்டிருப்பான். இதில் நான் எந்த ப-வுக்கு நடுவில் நிற்பது? ஐந்து ப போட்டு நடுவில் ஓட வேண்டியதுதான்.

மாற்றம் என்றாலே இந்த வாத்தியார்களுக்கு ஆகாது என்று நேற்று ஒருவர் எழுதியிருந்தார். ஐயா, நான் பார்க்காத மாற்றமா?

2007-இல் செயல்வழிக் கற்றல் வந்தது, பாடத்தை அட்டை அட்டையாகப் பிரித்துப் பிள்ளை தானே படிக்கும் முறை. ஆந்திராவில் ரிஷிவேலிப் பள்ளியில் உருவானது, சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் நடத்திப் பார்த்து, பிறகு மாநிலம் முழுக்கக் கொண்டுவந்தார்கள். அப்போது எனக்கு வேலை கிடைத்து நான்கு வருடம். தம்பிக்கு ஏழெட்டு வயது இருந்திருக்கும், அவரே அந்த அட்டையில் படித்தவராக இருந்தாலும் ஆச்சரியமில்லை. மேசையை ஓரங்கட்டினோம், பாய் விரித்தோம், பிள்ளைகளோடு தரையில் வட்டமாக உட்கார்ந்தோம். சுவரின் அடிப்பாகத்தில், பிள்ளைகளின் கைக்கு எட்டும் உயரத்தில் கரும்பலகை, ஆளுக்கு ஒரு பகுதி. சுவரில் கற்றல் ஏணி. பிள்ளை தன் படி எது என்று தானே பார்த்து, தட்டிலிருந்து தன் அட்டையைத் தானே எடுத்துக்கொள்ளும். இன்றைக்கு 'மாணவரை மையப்படுத்திய கற்றல்' என்று தம்பி சொல்கிறாரே, அதேதான். முதுகு வலிக்க வலிக்கச் செய்தோம்.

எனக்கு அதில் மனதைத் தொட்ட ஒரு காட்சி உண்டு. ஒரு பையன் கார்த்திகையில் அப்பா அம்மாவோடு கரும்பு வெட்டப் போய்விட்டு மாசியில் திரும்பி வந்தான். உள்ளங்கை காய்த்திருந்தது. பழைய முறையாக இருந்தால் அவனுக்குப் பத்துப் பாடம் போயிருக்கும், கடைசியில் உட்கார்ந்து ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருப்பான். அவன் நேராக ஏணியிடம் போனான். விட்டுப்போன படியில் விரலை வைத்தான். அட்டையை எடுத்துக்கொண்டு பாயில் உட்கார்ந்து, நேற்று விட்டதை இன்று தொடர்வதுபோல் தொடர்ந்தான். நான் பக்கத்து அறைக்குப் போய்க் கண்ணைத் துடைத்துக்கொண்டு வந்தேன். இதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

அப்புறம் என்ன ஆனது? அட்டை கிழிந்தது. புதிது கேட்டோம், வரும் என்றார்கள். நாற்பது பிள்ளை நாற்பது அட்டையோடு நாற்பது படியில் நின்றுகொண்டு "டீச்சர், டீச்சர்" என்று கூப்பிட்டால் யாரிடம் போவது? முறையில் கோளாறு இல்லை. அதைச் செய்ய ஆள் இல்லை. ஆள் போடுவதற்குப் பதில் முறையை மாற்றினார்கள். எளிமைப்படுத்தப்பட்ட செயல்வழிக் கற்றல். வருடத்தை மூன்றாகப் பிரித்த முப்பருவ முறை. கியூஆர் கோடு வைத்த புத்தகம். 2022-இல், அடிப்படை வாசிப்பும் கணக்கும் பழக்க, எண்ணும் எழுத்தும் திட்டம் வந்தது. அரும்பு, மொட்டு, மலர் என்று மூன்று நிலை. கொரோனாவுக்குப் பிறகு அது தேவைதான், பெயரும் அழகு, குறை சொல்ல மாட்டேன். ஆனால் ஒவ்வொரு பெட்டியையும் பிரித்து, பயிற்சிக்குப் போய், சார்ட் ஒட்டி, 'ஓஹோ, இது இப்படியா' என்று கைக்குப் பழகும்போது அடுத்த பெட்டி வந்துவிடுகிறது. எந்தப் பெட்டிக்குள்ளும் ஆள் இல்லை.

நடுவில் நிற்க ஆள் கேட்டால், இருக்கிற ஆளின் கையிலும் ஒரு போனைக் கொடுத்தார்கள். காலையில் எமிஸில், அதாவது பள்ளி விவரமெல்லாம் ஏற்றும் அரசுத் தளத்தில், வருகைப் பதிவு. காலை உணவு எத்தனை பேர், மதியம் எத்தனை பேர். உயரம், எடை. காலணி வந்ததா, அளவு சரியா. வங்கிக் கணக்கு, ஆதார். வகுப்பு நடக்கும் படம் ஒன்று குழுவில் போட வேண்டும். படம் எடுக்கும் அந்த நேரத்தில் வகுப்பு நடக்காது என்பது தனிக் கதை. எங்கள் பக்கம் சிக்னல் புளியமரத்தடியில்தான் கிடைக்கும். அந்த மரத்தடியில் நான் நின்ற நேரத்தை எல்லாம் கூட்டினால் எத்தனை 'கொ' சொல்லிக்கொடுத்திருப்பேன்!

இப்போது சம்பளம். வருவீர்கள் என்று தெரியும். 'லட்சத்தில் வாங்குகிறார்கள், வேலை என்ன?' ஆமாம், நல்ல சம்பளம்தான், மறைக்கவில்லை. ஆனால் அந்தச் சம்பளம் என்னை ஐந்து பேராக ஆக்காது. வேலை செய்யாமல் வட்டிக்கு விட்டுக்கொண்டு திரியும் ஆசிரியர்கள் இல்லையா என்றால், இருக்கிறார்கள். அடுத்த கேள்வி.

பின்லாந்து. அங்கே ஏழு வயதில்தான் பள்ளி, உண்மை. மேல்நிலை முடியும்வரை நாடு தழுவிய பொதுத்தேர்வு இல்லை, உண்மை. அங்கே வகுப்பெடுக்க முதுநிலைப் பட்டம் வேண்டும், அதுவும் உண்மை. இதையும் சேர்த்துச் சொல்லுங்கள்: பள்ளிக்கு வந்து ஆய்வு செய்யும் வழக்கத்தையே 1990-களில் எடுத்துவிட்டார்கள். ஆசிரியர் என்ன சொல்லிக்கொடுக்கிறார் என்று பார்க்க யாரும் கதவைத் தட்டுவதில்லை. நம்புகிறார்கள். பின்லாந்திலிருந்து பெஞ்சை இறக்குமதி செய்கிறோம், கதையை இறக்குமதி செய்கிறோம். இந்த நம்பிக்கையை இறக்குமதி செய்யச் சொல்லி எந்த வீடியோவிலும் நான் பார்த்ததில்லை.

'37 பிள்ளைக்கு ஐந்து ஆசிரியரா, கட்டுப்படியாகுமா?' நியாயமான கேள்வி. பதில் என்னிடம் முழுசாக இல்லை. கணக்குப் போட்டால் இடிக்கத்தான் செய்கிறது. ஐந்து வேண்டாம், மூன்று கொடுங்கள். இரண்டு என்றால் இரண்டு பேரையும் வகுப்பிலேயே இருக்க விடுங்கள், எமிஸுக்கு வேறு ஆள் போடுங்கள். இதைக்கூடச் செய்ய முடியாது என்றால் பெஞ்சைத் திருப்பிப் போடுவதற்கு எதற்கு இவ்வளவு பேச்சு?

இதே கேள்விக்கு ஒருவர் போட்ட பதில்தான் நேற்று ராத்திரி தூக்கத்தைக் கெடுத்தது. 'உங்கள் பள்ளியை இணைத்துவிடலாமே, மூன்று கிலோமீட்டரில் பெரிய பள்ளி இருக்கிறது.' வரைபடத்தில் மூன்று கிலோமீட்டர்தான். நடுவில் நான்குவழிச் சாலை போகிறது, ஐயா. ஆறு வயதுப் பிள்ளை அதைக் கடக்க வேண்டும். வேன் வைக்கலாம் என்பீர்கள். வேன் ஒரு வருடம் வரும், அப்புறம் டீசலுக்குக் கணக்கு வராது, அப்புறம் அந்தப் பிள்ளை ஆடு மேய்க்கும். அப்போது 'இடைநிற்றல்' என்று ஒரு படிவம் வரும். அதையும் நான்தான் புளியமரத்தடியில் நின்று பதிவேற்றுவேன்.

கடைசியாக, எல்லாரும் ஆவலோடு காத்திருக்கும் கேள்வி. 'உங்கள் பிள்ளை எங்கே படித்தான், டீச்சர்?' தனியார் பள்ளியில். போதுமா? பேருந்து வசதி, அவன் அப்பா விருப்பம், மாமியார் வீடு பக்கத்தில் என்றெல்லாம் காரணம் சொல்லலாம். சொன்னால் நம்பவா போகிறீர்கள்? அவன் வகுப்புக்கு ஒரு டீச்சர் இருந்தார். நாள் முழுக்க, அந்த ஒரு வகுப்புக்கு மட்டும். ஒரு நாள் அவன் நோட்டில் 'கெரக்கு' என்று எழுதி, அந்த டீச்சர் பச்சை மையில் ஓரத்தில் கொக்குப் படம் போட்டு, கொம்பையும் காலையும் வட்டமிட்டிருந்தார். நான் அந்த நோட்டை வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தேன். என் பள்ளிப் பிள்ளைகளுக்குப் படம் போட எனக்கும் வரும். மை கூட இருக்கிறது.

யாரையும் புண்படுத்த இதை எழுதவில்லை. தம்பி இனியும் பள்ளிகளுக்குப் போகட்டும், பென்சில் கொடுக்கட்டும். ஒரு யோசனை: அடுத்த முறை கேமராவைப் பையில் வைத்துவிட்டு, ஒரே ஒரு பிள்ளையின் பக்கத்தில் பதினைந்து நிமிடம் உட்கார்ந்து பாருங்கள். பத்து நாள் வேண்டாம். ஒரு நாள்.

அந்தப் பிள்ளையின் முகத்தையாவது மறைத்துவிடுங்கள் என்று நேற்று அவருக்குத் தனியாகச் செய்தி அனுப்பினேன். ஊரில் அந்தப் பிள்ளையை இப்போது என்ன பெயர் சொல்லிக் கூப்பிடுவார்கள் என்று எனக்குத் தெரியும் என்றும் எழுதினேன். "பாசிட்டிவா எடுத்துக்கோங்க டீச்சர்" என்று கைகூப்பும் பொம்மை ஒன்றை அனுப்பியிருக்கிறார். இதைத் தட்டச்சு செய்யும்போது மறுபடி திறந்து பார்த்தேன். முகம் அப்படியேதான் இருக்கிறது. விரல் இன்னும் அந்த வரியின் மேல்.