டீச்சரைச் சும்மா பார்க்கப் போனேன்

பள்ளிக்கூட வாசலில் வருகைப் பதிவேட்டில் பெயர், போன் நம்பர் எல்லாம் எழுதிவிட்டேன். நாலாவது கட்டத்துக்கு வந்ததும் பேனா நின்றுவிட்டது. 'வந்த காரணம்' என்று போட்டிருந்தது. எனக்கு மேலே எழுதியிருந்தவர்கள் மாற்றுச் சான்றிதழ், தம்பி அட்மிஷன், குழாய் ரிப்பேர் என்று எழுதியிருந்தார்கள். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு 'கணக்கு டீச்சரைப் பார்க்க' என்று எழுதினேன். வாசலில் இருந்த அண்ணன் அதைப் படித்துவிட்டு, "சர்டிபிகேட்டுல ஏதாவது கையெழுத்து வேணுமாம்மா?" என்று கேட்டார். "இல்லண்ணா, சும்மா பார்த்துட்டுப் போலாம்னு வந்தேன்" என்றேன். "சும்மாவா?" என்று இன்னொரு தடவை கேட்டுக்கொண்டுதான் கேட்டைத் திறந்தார்.

அந்தச் 'சும்மா'வைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

நான் இப்போது பொறியியல் மூன்றாம் வருடம், மின்னியல் படிக்கிறேன். டீச்சர் எனக்குக் கணக்கு எடுத்தது எட்டாம் வகுப்பில். ஏழு வருடம் ஆகிவிட்டது. கல்லூரியில் சேர்ந்த நாளிலிருந்து போக வேண்டும் என்று நினைத்துக்கொண்டுதான் இருந்தேன். ஒவ்வொரு செமஸ்டர் லீவிலும் அடுத்த லீவு என்று தள்ளிப் போட்டேன். காரணம் நேரமின்மை கிடையாது. வேலை கிடைக்கட்டும், அப்புறம் போகலாம் என்ற நினைப்புதான். கையில் ஏதாவது கொண்டுபோய்க் காட்ட வேண்டும் என்று இருந்தது. என் கூடப் படித்தவர்களிடம் கேட்டால் எல்லோரும் இதையேதான் சொல்கிறார்கள். ஒருத்தி, "அரியர் இருக்குடி, எந்த முகத்தை வெச்சுக்கிட்டுப் போறது?" என்றாள்.

இந்த நினைப்பு எங்கிருந்து வருகிறது என்று யோசித்தேன். நாம் பகிர்கிற கதைகளிலிருந்தும் வருகிறது என்று தோன்றுகிறது. இயற்பியலாளர் அப்துஸ் சலாம் கதையைப் படித்திருப்பீர்கள். 1979-ல் நோபல் பரிசு வாங்கியவர், லாகூரில் தனக்குக் கணக்கு சொல்லிக் கொடுத்த அனிலேந்திர கங்குலியைத் தேடி 1981-ல் கல்கத்தாவுக்கே போனார். ஆசிரியர் அப்போது வயதாகி, உடம்பு முடியாமல் இருந்தார். எத்தனை தடவை படித்தாலும் தொண்டை அடைக்கிற கதைதான். ஆனால் இந்த மாதிரிக் கதைகளையே திரும்பத் திரும்பப் படித்து, ஆசிரியரைப் பார்க்கப் போவதற்கு முதலில் ஒரு பதக்கம் வேண்டும் என்று நமக்குள் பதிந்துவிட்டது. பதக்கம் வருகிற வரைக்கும் ஆசிரியர் காத்திருக்க வேண்டும் என்றும்.

நான் சொல்ல வருவது இதற்கு நேர் எதிரானது. படித்துக்கொண்டிருக்கும்போதே போங்கள். ஒன்றும் ஆகாமல் இருக்கும்போதே போங்கள். போவதற்கு இதைவிட நல்ல காலம் கிடையாது. இந்த வயதில்தான் நமக்குச் சொல்லிக் கொடுத்தவர்களில் பலர் இன்னும் வேலையில் இருக்கிறார்கள். இன்னும் பத்து வருடம் போனால் பாதிப் பேர் மாற்றலாகிப் போயிருப்பார்கள், மீதிப் பேர் ஓய்வு பெற்றிருப்பார்கள். இதைவிட முக்கியமாக எனக்குப் படுவது வேறு. அவர்கள் அன்று சொன்னதற்கு என்ன அர்த்தம் என்று நமக்கு இப்போதுதான் புரிய ஆரம்பிக்கிறது. புரிகிற சூட்டோடு போய்ச் சொல்ல முடிவது மாணவராக இருக்கும்போது மட்டும்தான்.

எனக்கு நடந்ததைச் சொல்கிறேன்.

எட்டாம் வகுப்பில் வர்க்கமூலம் நடந்துகொண்டிருந்தது. 9-க்கு 3, 16-க்கு 4 என்று போய்க்கொண்டிருக்கும்போது, பின் பெஞ்சிலிருந்து ஒருத்தன், "மைனஸ் 9-க்கு என்ன டீச்சர்?" என்று கேட்டான். டீச்சர் ஒரு புது சாக்பீஸை எடுத்து இரண்டாக உடைத்தார். முழு சாக்பீஸ் பலகையில் கிறீச்சிடும் என்று எப்போதும் உடைத்துத்தான் எழுதுவார். "3-ஐ 3-ஆல பெருக்கினா?" 9 என்றோம். "மைனஸ் 3-ஐ மைனஸ் 3-ஆல பெருக்கினா?" அதுவும் 9-தான். "அப்போ எந்த எண்ணை அதே எண்ணால பெருக்கினா மைனஸ் 9 வரும்?" ஒன்றும் வராது என்றோம். டீச்சர் பலகையில் 'முடியாது' என்று எழுதினார். எழுதிவிட்டு ஒரு அடி பின்னால் வந்து அதைப் பார்த்தார். அப்புறம் போய், அந்தச் சொல்லுக்கு முன்னால் 'இப்போதைக்கு' என்று சேர்த்து, அதன் கீழே ஒரு கோடு போட்டார். "எழுதிக்கோங்க" என்றார். அவ்வளவுதான். அடுத்த கணக்குக்குப் போய்விட்டார்.

நானும் எழுதிக்கொண்டேன். இப்போதைக்கு முடியாது.

பிளஸ் டூவில் கலப்பெண்கள் வந்தன. மைனஸ் 1-க்கு வர்க்கமூலம் உண்டு என்று வைத்துக்கொண்டு, அதைக் கூட்டி, பெருக்கி, வகுத்து ஒரு பெரிய கணிதத்தையே கட்டியிருக்கிறார்கள். அவற்றை எப்படிக் கையாள்வது என்ற விதிகளை ரஃபேல் பொம்பெல்லி என்ற இத்தாலியர் 1572-லேயே எழுதி வைத்திருக்கிறார். கணிதக்காரர்கள் அந்த எண்ணுக்கு 'ஐ' என்று குறி போடுவார்கள். மின்னியலில் 'ஐ' என்றால் மின்னோட்டம், அதனால் நாங்கள் 'ஜே' போடுவோம். மாறுதிசை மின்சாரத்தில் ஒரு மின்சுற்றைக் கணக்கிட வேண்டுமென்றால் பக்கத்துக்குப் பக்கம் இந்த 'ஜே' வரும். பிளஸ் டூவில் முதல் நாள் அந்த 'ஐ'-யைப் பலகையில் எழுதியபோது என் பக்கத்தில் இருந்தவன், "எட்டாவதுல முடியாதுன்னு சொன்னாங்களே, பொய்யா?" என்று முணுமுணுத்தான். எனக்கு அந்தக் கோடு ஞாபகம் வந்தது. என் டீச்சர் எனக்குப் பொய் சொல்லவில்லை.

இது சின்ன விஷயமாகத் தெரியலாம். எனக்கு அப்படி இல்லை. சின்னப் பிள்ளைகளுக்கு எதையும் சுருக்கித்தான் சொல்ல முடியும். 3-லிருந்து 5 போகாது, பக்கத்தில் கடன் வாங்கு என்றுதான் நம் எல்லோருக்கும் தொடக்கப் பள்ளியில் சொல்லியிருப்பார்கள். கொஞ்ச வருடத்தில் அது போகும் என்று ஆகிவிடும். கி.பி. 628-லேயே பிரம்மகுப்தர் என்ற கணித அறிஞர் எதிர்ம எண்களுக்கு விதி எழுதியிருக்கிறார், சொத்து என்றும் கடன் என்றும் பெயர் வைத்து. அதை மூன்றாம் வகுப்பில் சொல்ல முடியாது என்பது சரி. ஆனால் சுருக்கும்போது பொய்யாகிவிடாமல் பார்த்துக்கொள்வதற்குத் தனி அக்கறை வேண்டும். நாற்பது பிள்ளைகள், மணி அடிக்கப் பத்து நிமிடம், முடிக்க வேண்டிய பாடம் பாக்கி. அந்த நெருக்கடியிலும் ஒருவர் நின்று 'இப்போதைக்கு' என்று சேர்த்தார். அந்தச் சொல் யாருக்காவது ஒரு நாள் தேவைப்படும் என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது. தேவைப்பட்டது என்று அவரிடம் யார் போய்ச் சொல்வது? பள்ளிக்கூடத்தில் இருக்கும் பிள்ளைக்கு அது தெரியாது. வேலைக்குப் போய்ப் பதினைந்து வருடம் ஆனவருக்கு மறந்திருக்கும். நடுவில் நாம்தான் இருக்கிறோம்.

போகத் தயங்குகிறவர்களுக்கு ஒரு ஆராய்ச்சியைப் பற்றிச் சொல்ல வேண்டும். அமித் குமார், நிக்கோலஸ் எப்லி என்ற இரண்டு உளவியலாளர்கள் 2018-ல் வெளியிட்டது. தங்களுக்கு நல்லது செய்தவர்களுக்கு நன்றிக் கடிதம் எழுதச் சொல்லி, வாங்குகிறவருக்கு எப்படி இருக்கும் என்று எழுதியவர்களை ஊகிக்கச் சொன்னார்கள். பிறகு வாங்கியவர்களையே கேட்டார்கள். சங்கடமாக இருக்கும் என்று எழுதியவர்கள் நினைத்த அளவுக்கு வாங்கியவர்களுக்குச் சங்கடம் இல்லை. அவர்களுக்கு ஏற்பட்ட ஆச்சரியமும் சந்தோஷமும் எழுதியவர்கள் நினைத்ததைவிட அதிகம். நான் இரண்டு வருடம் தள்ளிப் போட்டதற்கு இந்தத் தப்புக் கணக்கும் ஒரு காரணம்.

கட்டடத்தைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. எல்லோரும் சொல்வது போல எல்லாம் சின்னதாகிவிட்டது. தாழ்வாரம் பத்து எட்டு வைத்ததும் முடிந்துவிட்டது. ஸ்டாக்ஹோமில் 2011-ல் ஒரு சோதனை செய்தார்கள். ஒரு பொம்மையின் உடம்பைத் தன் உடம்பு என்று உணரும்படி செய்தபோது, சின்ன பொம்மையாக உணர்ந்தவர்களுக்குச் சுற்றியிருந்த பொருள்கள் பெரிதாகவும் தூரமாகவும் தெரிந்தன. உலகத்தை நாம் நம் உடம்பை வைத்துத்தான் அளக்கிறோம் போல. தாழ்வாரம் அப்படியேதான் இருக்கிறது, அளவுகோல் வளர்ந்துவிட்டது. டீச்சர் மட்டும் எனக்குச் சின்னதாகத் தெரியவில்லை, என் தோள் உயரம்தான் இருந்தார் என்றாலும்.

ஒரு விஷயத்தைக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். தயவுசெய்து "என்னைத் தெரியுதா டீச்சர்?" என்று கேட்காதீர்கள். வருடத்துக்கு 150 பிள்ளைகள் என்று வைத்தாலும் 25 வருடத்தில் 3,750 பேர் ஆகிறது. நமக்குக் கணக்கு ஆசிரியர்கள் மொத்தமே நாலைந்து பேர். அவர்களுக்கு நாம் ஆயிரங்களில் ஒருவர், அதிலும் முகம் மாறி, குரல் மாறி வந்து நிற்கிறோம். வயதானவரை நிற்க வைத்துத் தேர்வு நடத்துவது சரியில்லை. பெயர், எந்த வருடம், எந்த செக்‌ஷன், எங்கே உட்கார்ந்திருந்தேன் என்று நாமே முதலில் சொல்லிவிட வேண்டும். நான் அப்படித்தான் சொன்னேன். டீச்சருக்கு என் பெயர் ஞாபகம் இல்லை. "ஜன்னல் ஓரமா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். "ஏழு போடும்போது நடுவுல ஒரு கோடு போடுவியே?" என்றார். இன்றைக்கும் அப்படித்தான் போடுகிறேன்.

எல்லா ஆசிரியரையும் போய்ப் பார்த்துத்தான் ஆக வேண்டும் என்று நான் சொல்லவில்லை. மதிப்பெண்ணைக் கீழிருந்து மேலாக வாசித்து, கடைசியில் இருப்பவர்களை எழுந்து நிற்க வைத்த ஒருவர் எனக்கும் இருந்தார். அன்று தாழ்வாரத்தில் அவரைப் பார்த்தேன். வணக்கம் சொன்னேன். "எத்தனை பர்சென்டேஜ் வெச்சிருக்கே?" என்றுதான் முதலில் கேட்டார். நான் பதில் சொல்லாமல், "வர்றேன் சார்" என்று நகர்ந்துவிட்டேன். அதில் எனக்கு வருத்தம் இல்லை. பள்ளிக்கூடத்தில் அடியும் அவமானமும் பட்டவர்களிடம், அதெல்லாம் உன் நல்லதுக்குத்தான், போய்ப் பார்த்துவிட்டு வா என்று யாரும் சொல்லக் கூடாது. நன்றி என்பது கேட்டு வாங்குகிற பொருள் இல்லை.

அப்புறம், போகிறவர்கள் முன்கூட்டியே பேசிவிட்டுப் போங்கள். வகுப்பு நேரத்தில் போய்க் கதவருகே நிற்காதீர்கள், அந்த நேரம் உள்ளே இருக்கும் பிள்ளைகளுடையது. அந்தப் பிள்ளைகளைப் படம் எடுத்துப் போடாதீர்கள். வாசலில் பத்துக் கேள்வி கேட்டால் கோபப்படாதீர்கள். கேட்கிறார்களே என்று நான் சந்தோஷப்பட்டேன்.

டீச்சருக்கு அன்று கடைசி வகுப்பு ஓய்வு. காலி வகுப்பறை ஒன்றில் உட்கார்ந்தோம். அந்த 'இப்போதைக்கு' கதையைச் சொன்னேன். அப்படி எழுதியது அவருக்கு ஞாபகமே இல்லை. கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "அது என்ன ஜே? நாங்க ஐ-ன்னுதானே படிச்சோம்?" என்று கேட்டார். மின்னோட்டத்துக்கு அந்த எழுத்து போய்விட்டது டீச்சர் என்றேன். "அதை வெச்சு என்ன பண்ணுவீங்க? போட்டுக் காட்டு" என்று சொல்லிவிட்டு, எழுந்து போய் முதல் பெஞ்சில் உட்கார்ந்துகொண்டார். மேஜை மேல் ஒரு புது சாக்பீஸ் இருந்தது. எடுத்தேன். "உடைச்சுக்கோ" என்றார்.

மணி அடிக்கிற வரைக்கும் போட்டுக் காட்டினேன். இரண்டு இடத்தில் நிறுத்திக் கேள்வி கேட்டார். ஒன்றுக்கு எனக்குப் பதில் தெரியவில்லை, படித்துவிட்டுச் சொல்கிறேன் என்றேன்.

கிளம்பும்போது ஆறாம் வகுப்பில் எங்களுக்குத் தமிழ் எடுத்த அம்மாவைப் பற்றி விசாரித்தேன். ஓய்வு பெற்றுவிட்டாராம், கண் பார்வை கொஞ்சம் மங்கலாம். டீச்சரே அவருக்குப் போன் போட்டு, உங்க நம்பரைத் தரலாமா, இந்தப் பிள்ளை பேசலாமா என்று கேட்டுவிட்டு, போனை என்னிடம் கொடுத்தார். பெயரையும் வருடத்தையும் நானே முதலில் சொன்னேன். சனிக்கிழமை காலையில் வரச் சொல்லியிருக்கிறார்.