பெயர்தான் தாமதமாக வந்தது

ஞாயிற்றுக்கிழமை நடந்ததை அங்கிருந்தவர்கள் பார்த்தீர்கள். மற்றவர்கள் இதற்குள் கேள்விப்பட்டிருப்பீர்கள். எனக்கு ஆட்டிசம் இருப்பதாக இந்த வயதில்தான் மருத்துவ அறிக்கை வந்தது. "ஐம்பத்தாறு வயதில் ஆட்டிசம் வருமா? இப்போது இது ஒரு ஃபேஷன்" என்று முப்பதாண்டு நண்பர் எல்லோர் முன்னிலையிலும் சொன்னார். சிலர் சிரித்தார்கள். அங்கே எனக்கு வாய் எழவில்லை. அதனால் இங்கே எழுதுகிறேன்.

ஆட்டிசம் எனக்கு இந்த வயதில் வரவில்லை. அது என்னோடு பிறந்தது. பெயர்தான் தாமதமாக வந்தது. லியோ கேனர் என்ற மனநல மருத்துவர் ஆட்டிசம் உள்ள 11 குழந்தைகளைப் பற்றி 1943இல் எழுதினார். நான் பள்ளியில் படித்த எழுபதுகளிலும் அது குழந்தைகளிடம் அரிதாகக் காணப்படும் கடுமையான நிலையாகவே கருதப்பட்டது. சரளமாகப் பேசி, நல்ல மதிப்பெண்ணும் வாங்கிய ஒரு பையனிடம் அதை யார் தேடியிருப்பார்கள்? சரளமாகப் பேசுகிறவர்களிடம் காணப்படும் ஆட்டிச வகைக்கு வைத்த ஆஸ்பெர்கர் என்ற பெயர் அமெரிக்க மனநல மருத்துவர்களின் கையேட்டில் சேர்ந்ததே 1994இல்தான். அப்போது நான் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தேன்.

"வேலை பார்த்தாய், குடும்பம் நடத்துகிறாய், பிறகென்ன?" என்கிறார்கள். அதே கையேட்டின் 2013ஆம் ஆண்டுப் பதிப்பு, அறிகுறிகள் சிறுவயதிலேயே இருந்திருக்க வேண்டும் என்றும், பிற்காலத்தில் கற்றுக்கொண்ட உத்திகளால் அவை மறைந்திருக்கலாம் என்றும் தெளிவாகச் சொல்கிறது. என் உத்தி எது என்று கேட்டால், தொலைபேசிக்கு அடியில் நான் வைத்திருந்த துண்டுச்சீட்டுகளைத்தான் காட்டுவேன். "வணக்கம். நலமா? (பதிலுக்குக் காத்திரு.) வீட்டில் எல்லோரும் நலமா?" திருமணமான புதிதில் என் மனைவி அவற்றைக் கண்டெடுத்து, யாருக்காக எழுதினீர்கள் என்று கேட்டார். எனக்காக என்று சொல்ல நாக்கு வரவில்லை.

"எல்லோருக்கும் கொஞ்சம் இருக்கத்தான் செய்யும்" என்பதுதான் என்னை அதிகம் புண்படுத்துகிறது. ஒரு விழாவுக்குப் போய்வந்தால் இரண்டு நாள் விளக்கணைத்த அறையில் படுத்துக்கிடக்க வேண்டிய நிலை எல்லோருக்கும் இருக்கிறதா? இருபத்து நான்கு மணி நேரமும் துணை தேவைப்படும் பிள்ளைகளின் பெற்றோர், என் பேச்சு தங்கள் கஷ்டத்தைச் சிறுமைப்படுத்துகிறது என்று வருந்தினால் அதை ஏற்கிறேன். அவர்கள் சுமையும் என் சுமையும் ஒன்றல்ல. மற்றவர்களுக்கு அந்தச் சலுகையைத் தர மாட்டேன்.

நான் சலுகை கேட்கவில்லை. அறிக்கை கைக்கு வந்த இரவு, கண்ணைப் பார்த்துப் பேசாததற்காகத் திமிர் பிடித்தவன் என்று என்னை வகுப்புக்கு வெளியே நிறுத்திய ஆசிரியர்தான் முதலில் நினைவுக்கு வந்தார். நாற்பத்தைந்து ஆண்டுகளாக அதை நானும் நம்பியிருந்தேன். பெயர் தாமதமாக வந்ததற்கு நான் கொடுத்த விலை அந்த நம்பிக்கை. அதைத்தான் நண்பர் ஃபேஷன் என்கிறார்.

அம்மாவுக்கும் இந்தப் பெயர் தெரியாமலே போயிற்று. ஆனால் எனக்குப் புதுச் சட்டை எடுத்த ஒவ்வொரு முறையும், நான் வாய் திறப்பதற்கு முன்பே கத்தரிக்கோலை எடுத்து, கழுத்தை அறுக்கும் அந்தத் துணிப்பட்டையின் தையலை ஒவ்வொன்றாகப் பிரித்துவிட்டு, அந்த இடத்தைத் தன் கன்னத்தில் தேய்த்துப் பார்த்த பிறகே என்னிடம் கொடுப்பார்.