சுங்குடிப் புள்ளி அச்சு அல்ல
மதுரைச் சுங்குடிச் சேலையின் புள்ளிகள் அச்சடித்தவை என்று பலர் எழுதியிருக்கிறார்கள். அச்சுச் சேலைகளும் அதே பெயரில் விற்பதால் அப்படித் தோன்றுவது இயல்புதான். ஆனால் அசல் சுங்குடி சாயத்தில் முக்கி எடுப்பது. துணியை நகத்தளவு கிள்ளி நூலால் இறுக்கிக் கட்டுவார்கள்; கட்டிய இடத்தில் சாயம் ஏறாது, அவிழ்த்தால் அதுவே புள்ளி. அச்சில் கெட்டியான சாயப்பசையைத் துணியின் ஒரு பக்கத்தில் பதிப்பார்கள்.

சந்தேகம் இருந்தால் புள்ளிகளை நெருக்கமாகப் பாருங்கள். முடிச்சுப் புள்ளியின் ஓரம் கசிந்திருக்கும், ஒன்றைப்போல் இன்னொன்று இருக்காது. புதுச் சேலையில் கிள்ளிய சுருக்கம் விரலுக்கே தட்டுப்படும். அச்சுப் புள்ளிகள் அச்சு அசலாக ஒரே அளவில் இருக்கும். அப்புறம், பின்பக்க நிறத்தை மட்டும் நம்ப வேண்டாம். மெல்லிய பருத்தியில் அச்சுச் சாயமும் ஊறிவிடும்.